சுழி இல்லாத கொம்பு

டெக்சாஸில் நடந்து போகிறவர்களைக் கண்டால் ஜனங்களுக்கு இரக்கம் வந்துவிடுகிறது. பேர்லேண்ட் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளே இது எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

பால் வாங்கத்தான் கிளம்பினோம், நானும் என் வீட்டுக்காரரும். மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து பஜார் எவ்வளவு தூரமோ அவ்வளவுதான் கடை. ஆனால் நடக்கப் பாதை இல்லை. வீடு, புல், வாய்க்கால், அதற்கு அப்புறம் ரோடு. புல்லில் நடந்தால் செருப்பு ஈரமாகிறது, ரோட்டில் நடந்தால் கார்க்காரர்கள் பயந்து ஒதுங்குகிறார்கள். ஒரு அம்மா காரை நிறுத்தி, "நீங்கள் நலமா?" என்று கேட்டாள். போலீஸ் வண்டி ஒன்று பக்கத்திலேயே ஊர்ந்து வந்து, "உங்கள் கார் எங்கே நின்றுவிட்டது?" என்றது. "நோ கார். ஒன்லி வாக்கிங்" என்று என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அந்தப் போலீஸ்காரர் தலையை ஆட்டிவிட்டுப் போன விதத்தில், எங்களுக்கு வேறு ஏதோ குறை இருக்கிறது என்று முடிவு கட்டியது போலிருந்தது.

நாங்கள் போனது 2008-ஆம் வருஷம், நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்தப் பக்கம் பெரிய சூறாவளி அடித்து ஓய்ந்திருந்தது. பாதிக் கூரைகளில் நீலத் தார்ப்பாய். பேத்தி சாரா போகிற டே கேரின் கூரையைக் காற்று கொண்டுபோய்விட்டது. மகள் நஸ்ரினும் மருமகனும் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையை யார் பார்ப்பது? "உம்மா, ரெண்டு மாசம் வந்து இருங்க" என்று போன் வந்தது. விசா முன்பே இருந்தது. கிளம்பிவிட்டோம். பால் வாங்கக் கிளம்பிய அன்றைக்கு மருமகன் வீட்டிலிருந்தே வேலை பார்த்ததால், தூங்குகிற சாராவை அவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம்.

மூன்றாவதாக ஒரு பிக்கப் வண்டி நின்றது. ஓட்டி வந்தவர் எண்பதைத் தாண்டிய வெள்ளைக்காரர். கண்ணாடியை இறக்கி, "நஸ்ரினின் பெற்றோர்தானே? நான் வால்ட்டர், பின்வீட்டுக்காரன். நமக்கு நடுவில் இருந்த வேலி விழுந்ததிலிருந்து உங்கள் துணிக்கொடியை நான்தான் தினம் பார்க்கிறேன்" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. வெயில் வீணாகிறதே என்று தோட்டத்தில் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தேன். அந்தக் குடியிருப்பில் அது கூடாதாம். "நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், ஏறுங்கள்" என்றார்.

வீட்டுக்காரர் முன்னால் ஏறினார், நான் பின்னால். பின் இருக்கையில் ஒரு பழைய தோல் சட்டை விரித்துப் போட்டிருந்தது. புயல் தண்ணீரில் நனைந்ததைப் பழுது பார்த்து வாங்கி வருகிறாராம். அதன் நெஞ்சில் வட்டமாக ஒரு துணி வில்லை தைத்திருந்தது. அதில் கண்ணாடி போட்ட சேவல் ஒன்று ரெக்கையை விரித்து நின்றது. சேவலின் காலடியில் மஞ்சள் நூலில் எழுத்து.

நான் எட்டாம் வகுப்புதான். ஆனால் என் கண் பார்த்தது தமிழ். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தேன்.

"ஏங்க, இதப் பாருங்க. தமிழ்ல எழுதியிருக்கு."

"ஒனக்கு இன்னும் தூக்கம் தெளியல. பேசாம வா."

"திரும்பிப் பாருங்கங்கேன்."

அவர் திரும்பினார். மூக்குக் கண்ணாடியைப் போட்டார். பிறகு இருக்கை குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். "ஏளா, இது நீ எழுதுனதுல்லா!"

சேவலின் காலடியில் இருந்தது இதுதான்: பொய் வா.

அவர் ஏன் சிரித்தார் என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் அவர் சவுதியில், தம்மாமில் வேலையில் இருந்தார். ஊருக்கு வருவதற்கு முன் மக்கா போய் உம்ரா செய்துவிட்டு வருவதாக எழுதியிருந்தார். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அன்றைக்கே பதில் எழுதினேன். எழுதிய வேகத்தில் "போய்" என்பதற்குப் போட வேண்டிய இரட்டைக் கொம்பின் சுழியை விட்டுவிட்டேன். சுழி இல்லாவிட்டால் அது ஒற்றைக் கொம்பு. "மக்காவுக்குப் பொய் வாருங்கள்" என்று கடிதம் போய்ச் சேர்ந்தது. அறையிலிருந்த எட்டுப் பேருக்கும் படித்துக் காட்டியிருக்கிறார். முப்பது வருஷமாக அவர் கடைக்குக் கிளம்பினாலும் வாசலில் நின்று "பொய் வரட்டுமா?" என்பார்.

வால்ட்டர் தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். "எதற்குச் சிரிக்கிறீர்கள்?"

"திஸ் ரைட்டிங். அவர் லாங்குவேஜ்" என்றார் இவர்.

வண்டி புல்லோரம் ஒதுங்கி நின்றது. அந்த மனிதர் எஞ்சினையே அணைத்துவிட்டார். "அறுபது வருஷமாக இதைப் பர்மிய எழுத்து என்று நினைத்திருந்தோம். ஹூஸ்டனில் ஒரு பர்மியச் சாப்பாட்டுக் கடைக்காரனிடம் காட்டினேன். எங்களுடையது இல்லை என்றான். ஒரு பேராசிரியருக்கு எழுதினேன், பதிலே இல்லை. உங்களால் படிக்க முடியுமா? என்ன எழுதியிருக்கிறது?"

இவர் வாயைத் திறந்தார். நான் பின்னாலிருந்து அவர் புஜத்தில் ஒரு கிள்ளு கிள்ளினேன். "ஈவினிங். மை டாட்டர் கம். தென் டெல்" என்றேன். கிழவர் கேட்ட விதம் ஜோசியம் கேட்கிற விதமாக இல்லை. ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் கேட்கிற விதமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இவர் பிடித்துக்கொண்டார்.

"உள்ளத உள்ளபடி சொல்லிற வேண்டியதுதான? பொய்னு எழுதியிருக்கறதப் பத்தியே பொய் சொல்லப் போறியா?"

"பொய் சொல்லல. ஆனா இது போயாவும் இருக்கலாம். நான் விட்ட சுழிய இன்னொருத்தன் விட்டிருக்க மாட்டானா?"

"ஒலகத்துல ஒன்னய மாதிரி இன்னொருத்தியா?" என்று சிரித்துக்கொண்டே அஸர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்யப் போனார்.

சாயங்காலம் நஸ்ரின் வந்ததும், விழுந்து கிடந்த வேலிப் பலகைகளைத் தாண்டி வால்ட்டரின் கராஜுக்குப் போனோம். கார் நிறுத்துகிற இடம், ஆனால் கார் வெளியே நிற்கிறது. உள்ளே நாலு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, நனைந்த காகிதங்களுக்காக. எங்கள் வீட்டில் நனைந்த கருவாட்டைக் காயவைப்பது போல மேஜையெங்கும் போட்டோக்களைப் பரப்பியிருந்தார். வறுத்த பீக்கன் கொட்டை ஒரு கிண்ணம் நிறைய வைத்தார். நம் ஊர் வாதாங்கொட்டையை விட எண்ணெய்ப் பசை அதிகம். என் வீட்டுக்காரர் அந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

வால்ட்டர் சொல்லச் சொல்ல நஸ்ரின் தமிழில் சொன்னாள். அவர் ஒரு போர் விமானப் படைப்பிரிவில் இருந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தில் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் நடுவில் இருக்கிற காட்டுப் பக்கம் அந்தப் படை கிடந்தது. யுத்தம் முடிந்ததும் கலைத்துவிட்டார்கள். பிறகு இங்கே, ஹூஸ்டன் பக்கத்து விமானத் தளத்தில், அதே பெயரில் அதே சேவலோடு திரும்பத் தொடங்கினார்கள். இந்தத் தடவை ரிசர்வ் படையாக.

"ரிசர்வ்னா நம்ம ரிசர்வ் போலீஸ் மாதிரி. கலவரம்னா லாரில கொண்டு வந்து எறக்குவாங்க" என்று இவர் எனக்கு விளக்கம் சொன்னார்.

"அப்படி இல்ல வாப்பா. அவங்கல்லாம் சாதாரண வேலை பாக்கறவங்க. மாசத்துல ஒரு வீக்கெண்டு போயி பைட்டர் பிளேன் ஓட்டணும். வார் வந்தா கூப்பிடுவாங்க. அங்கிள் டிராக்டர் வித்துட்டு இருந்தாராம்."

வாரமெல்லாம் டிராக்டர் விற்பாராம், சனி ஞாயிறு ஜெட் ஓட்டுவாராம். அந்தப் படையில் ஒரு பல் டாக்டர், ஒரு மாட்டுப் பண்ணைக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஒருவர். கணக்கு வாத்தியார் சனிக்கிழமை மேகத்துக்குள் போய்விட்டு, திங்கட்கிழமை பெருக்கல் வாய்ப்பாடு நடத்துவாராம். கொரியாவில் சண்டை வந்தபோது கூப்பிட்டார்கள், கடையைப் பூட்டிவிட்டுப் போனார்கள். விசிறி வைத்த விமானம் போய் ஜெட் வந்தது, அது போய் இன்னொரு ஜெட் வந்தது, பிள்ளைகள் காலம் போய்ப் பேரப்பிள்ளைகள் காலம் வந்தது. சேவல் மட்டும் மாறவில்லை. இந்த வருஷம் விமானங்களை வேறு ஊருக்கு அனுப்புகிறார்களாம். படை முடிகிறது. அதற்காகத் தளத்தில் ஒரு கல் நடுகிறார்கள். சேவலும் எழுத்தும் கல்லில் செதுக்க வேண்டும். வருகிற சனிக்கிழமை கல் கொத்துகிறவர் வந்து, எழுத்து வரைந்த காகிதத்தை வாங்கிக்கொண்டு போகிறார்.

"அதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும்" என்று வால்ட்டர் சட்டையை எடுத்து மேஜையில் விரித்தார்.

நஸ்ரின் குனிந்து பார்த்தாள். என் மகள் தம்மாமில் இங்கிலீஷ் மீடியம் படித்தவள். தமிழ் எழுத்து அவளுக்குத் தலையணை உறையில் போட்ட பூவேலை மாதிரி. விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். நான் தடுப்பதற்குள், "பொ... பொய். உம்மா, பொய்னா லை தானே?" என்றாள்.

நடுவில் வந்த அந்த 'லை' இங்கிலீஷ். வால்ட்டர் கேட்டுவிட்டார்.

"பொய்யா? அப்படியா எழுதியிருக்கிறது?"

இவர் கொட்டையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். வால்ட்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்படியானால் அவர்கள் சொன்னது சரிதான்" என்றார்.

பிறகுதான் மீதிக் கதையைச் சொன்னார். அந்தக் காட்டுத் தளத்தில் ஒரு சமையல்காரர் இருந்தாராம். ஜப்பான்காரனுக்குத் தப்பி ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவராம், அதனால்தான் பர்மாக்காரர் என்று நினைத்திருக்கிறார்கள். கோழி வளர்ப்பவர். சேவல் படம் அவருடைய சேவலைப் பார்த்து வரைந்ததுதான். சாம் என்று கூப்பிடுவார்கள். சாம் என்றும் யார் கூப்பிட்டார்கள், பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம் என்று வால்ட்டர் திருத்திச் சொன்னார். அந்தக் காலத்தில் வேலைக்காரர்களை வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் அழைப்பார்கள், 'பையா' என்கிற மாதிரி. அவருக்கு நாற்பதுக்கு மேல் வயது, கூப்பிட்டவர்களுக்கு இருபது.

ஒருநாள் வால்ட்டர் தன் விமானத்தின் மூக்கில் சேவலை வரைந்துவிட்டு, பிரஷ்ஷை அவர் கையில் கொடுத்து, உன் பாஷையில் ஏதாவது எழுது என்றாராம். அவர் எழுதினார். பார்க்க நன்றாயிருக்கிறது என்று வால்ட்டரின் சிநேகிதன் ஹாங்க் தன் விமானத்திலும் அதைப் பார்த்து வரையச் சொன்னான். படையிலிருந்த பெயிண்டர் வரைந்தான். இரண்டு வாரத்தில் ஹாங்க் போன விமானம் திரும்பவில்லை. எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. அந்தச் சமையல்காரன் ஏதோ சாபம் எழுதிவிட்டான் என்று யாரோ ஆரம்பித்தார்கள். மறுநாள் காலையில் சாமை ஒரு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வால்ட்டரின் விமானம் அதே எழுத்தோடு ஒவ்வொரு தடவையும் திரும்பி வரவே, நாளடைவில் அதுவே படைக்கு ராசி என்றாகிவிட்டதாம்.

"எனக்கு இருபத்தொரு வயது. முகம் கழுவிக்கொண்டே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை" என்றார் வால்ட்டர்.

நஸ்ரினிடம், "நான் சொல்றத அப்படியே சொல்லு. ஒரே ஒரு சுழிதான் சந்தேகம். சுழி இருந்தா அர்த்தமே வேற. மொதல்ல அவர் கையால எழுதுனதப் பாக்கணும்" என்றேன். ஒரு காகிதத்தில் இரண்டையும் எழுதிக் காட்டினேன். சுழியோடு ஒன்று, சுழி இல்லாமல் ஒன்று.

அவர் இரண்டையும் பார்த்தார். "நீங்கள் நல்லவர். ஆறுதலுக்காகச் சொல்கிறீர்கள்."

"ஆறுதலுக்காகப் பொய் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்ல" என்றேன்.

நஸ்ரின் சொன்னதும் அவர் முதல் தடவையாகச் சிரித்தார். சாம் எழுதிய விமானத்தின் போட்டோ தளத்தில் படை அலுவலகச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறதாம். "சனிக்கிழமை வாருங்கள். எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும்" என்றார்.

அடுத்த நாட்கள் நன்றாகத்தான் கழிந்தன என்று சொல்ல வேண்டும். சாராவுக்கு இடியாப்பம் பிழியக் கற்றுக்கொடுத்தேன். அவள் நான் சொல்வதையெல்லாம் தமிழில் புரிந்துகொண்டு இங்கிலீஷில் பதில் சொன்னாள், நான் அவள் இங்கிலீஷைப் புரியாமலே தமிழில் பதில் சொன்னேன், எங்களுக்குள் ஒரு சண்டையும் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு ஹூஸ்டன் பள்ளிவாசலுக்குப் போனோம். தொழுகைக்கு வந்தவர்களை விடக் கார் அதிகம் போலிருந்தது. ஹைதராபாத்காரர்கள் பிரியாணி விற்றார்கள். நம் சீரகச் சம்பாவுக்கு முன்னால் அது நிற்காது என்று இவர் சொல்லிவிட்டு இரண்டு டப்பா வாங்கினார்.

ஆனால் ஒவ்வொரு தொழுகையிலும் எனக்கு அந்தச் சுழிதான் ஞாபகம். யா அல்லாஹ், அது இருக்க வேண்டும் என்று கேட்டேன்.

"அறுவது வருஷத்துக்கு முந்தி எழுதுனது. இருக்கறதுதான் இருக்கும். இல்லாட்டி என்ன செய்வே?" என்றார் இவர்.

"இல்லன்னுதான் சொல்லணும். வாக்குக் கொடுத்தாச்சு."

நஸ்ரினுக்கு வேறு கவலை. "உம்மா, அது மிலிட்டரி பேஸ். நீங்க முக்காடு, வாப்பா தாடி. அங்க ஏதாவது கேட்டா டென்ஷன் ஆயிடாதீங்க."

"கேட்டா சொல்லுவோம். நாம என்ன பிளேன் வாங்கவா போறோம்?" என்றார் இவர்.

சனிக்கிழமை வெறுங்கையோடு போகக் கூடாது என்று வட்டலாப்பம் செய்து எடுத்துக்கொண்டேன். முட்டையும் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்து அவித்தது. தளத்து வாசலில் வால்ட்டர் காத்திருந்தார். பட்டியலில் எங்கள் பெயர் இருந்தது. ஆனால் காவலுக்கு நின்ற பையன் என் தூக்குவாளியைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். உள்ளே வட்டலாப்பம் மெல்ல ஆடியது. அவன் ஒரு அடி பின்னால் போனான்.

"இது என்ன?"

"ஸ்வீட்" என்றேன்.

"ஏன் அசைகிறது?"

வால்ட்டர் குறுக்கே வந்து, "மகனே, எனக்கு எண்பத்தைந்து வயது. நானும்தான் நிற்கும்போது அசைகிறேன்" என்றார். பையன் சிரித்துவிட்டான். நான் ஒரு துண்டு வெட்டி அவன் கையில் கொடுத்தேன். தின்றுவிட்டு, திரும்பிப் போகும்போது மிச்சம் இருந்தால் தெரியப்படுத்தச் சொன்னான்.

படை அலுவலகத்தில் பாதிச் சாமான்களைக் கட்டிப் பெட்டியில் போட்டிருந்தார்கள். சுவரெல்லாம் படங்கள். வருஷ வரிசையில் ஆட்கள், விமானங்கள், ஒவ்வொரு நெஞ்சிலும் அந்தச் சேவல், ஒவ்வொரு சேவலுக்கும் கீழே பொய் வா. மேஜையில் கல் கொத்துகிறவருக்கான காகிதம் விரித்திருந்தது. முழம் உயரத்துக்கு எழுத்து. அதிலும் ஒற்றைக் கொம்பு. கல்காரர், தொப்பி போட்ட ஒரு தடித்த மனிதர், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

வால்ட்டர் ஒரு சின்னப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி என் முன்னால் வைத்தார். பழுப்பேறிய படம். விமானத்தின் மூக்கு. அதன்மேல் சாய்ந்துகொண்டு ஒரு ஒல்லிப் பையன், அதுதான் வால்ட்டர். ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, வேட்டி கட்டிய ஒருவர், கையில் பிரஷ். எழுத்துக்குமேல் புகையோ எண்ணெயோ வழிந்த கறை ஒன்று சரியாக அந்தக் கொம்பின் தலையில் இருந்தது.

"பாத்தியா, ஒன் நேரம்" என்றார் இவர் மெல்ல.

பூதக்கண்ணாடி கொடுத்தார்கள். பிஸ்மி சொல்லிக் குனிந்தேன். கறை. கறைக்குள் கோடு. படத்தைச் சன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்தேன். கறை கறுப்பு, பெயிண்ட் அதைவிடக் கறுப்பு. கொம்பு மேலே ஏறுகிறது, வளைகிறது, உள்ளே திரும்பி ஒரு சுற்று. சுழி. தெளிவான, அழகான, பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கிக் கற்றவர் போட்ட சுழி.

"ஏங்க, நீங்க பாருங்க. என் கண்ண நான் நம்பல."

இவர் பார்த்தார். சிரிக்கவில்லை. "இருக்கு. அல்ஹம்துலில்லாஹ். இருக்குளா" என்றார்.

நான் வால்ட்டரைப் பார்த்து, மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல், வாசலில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னேன்: "போய் வா."

அந்த மனிதர் முகம் மாறியது. "இன்னொரு தடவை சொல்லுங்கள்."

"போய் வா."

"பாய், வா" என்றார் அவர். இங்கிலீஷ்காரர்கள் வேலைக்காரனைக் கூப்பிடுகிற அதே 'பாய்'. "தினமும் காலையில் ஓடுபாதைக் கடைசியில் நின்று ஒவ்வொரு விமானத்தையும் பார்த்து இதைக் கத்துவான். எஞ்சின் சத்தத்தில் பாதிதான் கேட்கும். நாங்கள் அவனைப் பாய் என்கிறோம் அல்லவா, பதிலுக்கு எங்களைப் பாய் என்று கேலி செய்கிறான் என்று நினைத்துச் சிரிப்போம். அதுவா இது? என்ன அர்த்தம்?"

நஸ்ரின் சொன்னாள்: "போயிட்டு திரும்பி வா. எங்க வீடுகள்ல போன்னு மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டாங்க, அங்கிள்."

நான் இன்னொன்றும் சொல்லச் சொன்னேன். பெரியவர்களுக்கு, அதிகாரிகளுக்கு 'வாங்க' என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சமையல்காரர் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு 'வா' என்று எழுத மாட்டார். பெற்ற பிள்ளைகளுக்குத்தான் அப்படிச் சொல்வோம்.

வால்ட்டர் படத்தில் அந்த வேட்டிக்காரரின் மேலிருந்த தூசியை விரலால் துடைத்தார். கல்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். அப்புறம் வால்ட்டர் கேட்டது நான் எதிர்பார்க்காத கேள்வி.

"ஹாங்கின் விமானத்தில் எங்கள் பெயிண்டர்தான் எழுதினான். அவன்தான் அந்தச் சுழியை விட்டிருப்பான். அவன் காகிதத்தில் வரைந்து வைத்திருந்ததைப் பார்த்துத்தான் மற்றதெல்லாம் தைத்தார்கள். என் விமானத்தில் சரியாக இருந்தது, நான் வந்தேன். அவன் விமானத்தில் தப்பாக இருந்தது. அதனாலா?"

அறுபது வருஷம் சுமந்த ஒன்றை இறக்கிவைத்த கையோடு இன்னொன்றைத் தூக்கப் பார்க்கிறார். எனக்குப் பெரிய படிப்பு இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் என் பக்கத்திலேயே நின்று வட்டலாப்பம் தின்றுகொண்டிருந்தது.

"இவருக்கு நான் இதே தப்போட லெட்டர் எழுதியிருக்கேன்" என்றேன். "மக்காவுக்குப் பொய் வாங்கன்னு எழுதினேன். இவர் போயிட்டுப் பத்திரமா வரலியா? படைச்ச ரப்பு எழுத்துப் பிழை பாக்கறவன் இல்ல. மனசுல என்ன இருந்துச்சோ அதத்தான் படிப்பான். ஒங்க சிநேகிதருக்கும் அவர் அதத்தான் சொல்லியிருப்பாரு, எல்லாரையும் போல, ஓடுபாதையில நின்னு. ஏன் வரலங்கறது நமக்குத் தெரியாது. சுழியால இல்ல."

நஸ்ரின் இதைச் சொல்லி முடித்ததும் வால்ட்டர் என் வீட்டுக்காரரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். இவரும் வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு, "யெஸ். ஐ கேம்" என்று சாட்சி சொன்னார். "தர்ட்டி இயர்ஸ். ஸ்டில் சேம் ஸ்பெல்லிங்."

வால்ட்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். காகிதத்தில் சுழியைப் போட என்னையே சொன்னார். அந்தக் கடிதத்தில் விட்ட சுழியையும் சேர்த்துப் பெரிதாகப் போட்டேன். அடியில் அந்தச் சமையல்காரரின் பெயரையும் போட வேண்டும் என்றார். சாம் என்பதுதான் அவருக்குத் தெரியும். சாமிக்கண்ணோ, சாமுவேலோ, சம்சுதீனோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். சாம் என்றே தமிழில் எழுதிக் கொடுத்தேன். கல்காரர் காகிதத்தைச் சுருட்டி, ஈரத்துணியைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனார்.

வாசலில் அந்தக் காவல் பையனுக்கு மிச்சம் இருக்கவில்லை. என் வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

டே கேருக்குக் கூரை போட்டு முடித்ததும் நாங்கள் ஊருக்குக் கிளம்பினோம். கல்லை அதற்கு முன்பே நட்டுவிட்டார்கள். போய்ப் பார்த்தோம், சுழி இருந்தது. கிளம்புகிற அன்று விடியற்காலையில் மருமகன் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, அதற்குள் புதிதாகக் கட்டிய வேலிக்கு மேலே வால்ட்டரின் தலை தெரிந்தது. எதன்மேல் ஏறி நின்றாரோ. அந்தத் தோல் சட்டையைப் போட்டிருந்தார்.

"போய் வா!" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

"ஏளா, ஊருக்கே பெரிய மனுசன் நான். என்னய ஒருமையில கூப்பிடறான் பாரு" என்றார் இவர்.

"பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றாரு. பேசாம கைய ஆட்டுங்க" என்றேன்.

ஆட்டினார்.